நானூறுக்கு நூற்றிருபது

நானூறு புள்ளி அகலம், நூற்றிருபது புள்ளி உயரம்.
அதற்குள் ஒரு ஆள் அடங்க வேண்டும்,
கூடவே அவர் கேட்கும் ஓநாயும்.

கெமியிலிருந்து வடக்கே போகும் சாலையில்
பெட்ரோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
பத்து மணிக்குமேல் மரலாரிகள் மட்டும்தான்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே
கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் கிழட்டுக் கணினியில்
காசில்லாமல் கிடைத்த மென்பொருளைத் திறப்பேன்.
அது விழிப்பதற்குள் ஒரு குடுவை காபி வடிந்துவிடும்.
தூரிகைகளைத் தேடுகிறேன் என்கிறது,
எழுத்துருக்களைத் தேடுகிறேன் என்கிறது,
வாசலில் நின்று சாவிக்காக
ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்க்கும் மனுஷன் மாதிரி.

எழுதுவதற்கெல்லாம் அடியில் ஒட்டிக்கொள்ள
ஒரு பெயர்ப்பட்டை கேட்கிறார்கள்,
பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது.
லாரி ஓட்டும் ரெய்யோவுக்கு ஓநாய், பின்னால் தீ.
ஓலுவில் பல்வைத்தியம் படிப்பவனுக்கு
ஓநாய், பின்னால் மின்னல்.
கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓஸ்மோவுக்கும் ஓநாய்தான்.
உனக்குமா என்றேன்.
கண் மட்டும் நீலமாக இருக்கட்டும் என்றான்.

கீழே இருட்டு. அதன்மேல் புகை.
புகைமேல் ஓநாய், ஓநாய்மேல் பெயர்,
பெயருக்கு அடியில் பெயரின் நிழல்:
வலப்பக்கம் மூன்று, கீழ்ப்பக்கம் மூன்று.
டிசம்பரில் இங்கே மனுஷருக்கே நிழல் கிடைப்பது அபூர்வம்.
எழுத்துகளுக்கு நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

சொல்லப்போனால் எனக்குப் பிடித்தது
ஒன்றுமில்லாத இடம்.
ஒன்றுமில்லை என்று வெறுமனே விட்டுவிட மனமில்லாமல்
சாம்பலும் வெள்ளையுமாய்க்
கட்டம் போட்டுக் காட்டுகிறது மென்பொருள்.
அழிப்பானால் தேய்த்துக்கொண்டே போனால்
உலகத்துக்கு அடியில்
யாரோ குளியலறைத் தரை பாவியிருக்கிறார்கள்.

ஜனவரியில் ஹில்லெவி எழுதினாள்:
ஓநாய் வேண்டாம். தீ வேண்டாம்.
சாம்பல் நிறம், சின்னதாகப் பெயர், போதும்.

போதும் என்பவர்களுக்குச் செய்வதுதான் கஷ்டம்.
மூன்று இரவுகள் பிடித்தன.
நிலையத்தின் ஜன்னலில் படிந்த உறைபனியைப் படமெடுத்து,
நிறத்தை வடித்து, மங்கலாக்கி,
அதன்மேல் அவள் பெயரை
மூச்சுவிட்டு எழுதியதுபோல் வைத்தேன்.
பிறகு அடுக்குகளை ஒன்றாக்கி, எடையைக் குறைத்து,
ஐம்பது கிலோபைட்டுக்குள் அமுக்கி அனுப்பிவிட்டுப்
பெருமையோடு இரண்டு பன் தின்றேன்.

மறுநாள்தான் கண்ணில் பட்டது.
ஹிலெவி.
ஒரு ல் குறைகிறது.

அடுக்குகளைத் தனியே சேமிக்கவில்லை.
ஒன்றாகிவிட்டதைப் பிரிக்க முடியாது,
எழுத்து பனியாகிவிட்டது, பனி எழுத்தாகிவிட்டது,
ஒரு படி பின்னால் போ என்னும் கட்டளைக்கு
அது நேற்றைய கதை.
பூதக்கண்ணாடியில் எண்ணூறு மடங்கு பெருக்கிப் பார்த்தேன்.
சாம்பல் சதுரங்கள். எதுவும் ல் இல்லை.

மன்னிப்பு கேட்டு எழுதினேன், புதிதாகச் செய்கிறேன் என்று.
பதில் வந்தது:
பார்த்தேன். விடுங்கள்.
இருபத்தாறு வருஷமாய் இரண்டையும் சுமக்கிறேன்,
ஒன்றை இறக்கி வைத்தது நன்றாகத்தான் இருக்கிறது.

மரியாதைக்குச் சொன்னாளோ என்னவோ.
அதற்கப்புறம் அவள் எழுதியதிலெல்லாம்
ஒரே ல்தான்.

எனக்கென்று ஒன்று செய்ததில்லை.
புதிய படம் திறந்து
தூரே என்று அடித்துவிட்டு
எந்த மிருகம் என்று யோசிப்பதற்குள்
மூன்றாம் குழாயில் லாரி வந்து நின்றுவிடும்.

காலை ஆறு மணி. வெளியே இருபத்தேழு டிகிரி கழிவில்.
பணிப்பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.
பேனாவில் மை உறைந்துவிட்டது.
தாளில் நிறமில்லாமல் ஒரு பள்ளம் மட்டும் விழுகிறது.
விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்
ஓரங்களில் மெல்லிய வெளிச்சம்.

இந்தப் புடைப்பைக் கொண்டுவர
அங்கே எத்தனை முறை சொடுக்கியிருப்பேன்.

அடுத்த முறைக்காரி லெம்பி வந்து
தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:
இன்னும் கையெழுத்துப் போடலையா?